கொலுப்படியில் ஒரு ரிவால்வர்

ஷாம்பெய்ன் வழக்கமாக முக்கால் லிட்டர் பாட்டிலில் வரும். அதற்கு இரண்டு மடங்காக, ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று உண்டு. அதன் பெயர் மேக்னம். துப்பாக்கிக்காரர்கள் அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான தோட்டாவைவிட அதிக மருந்து, அதிக வேகம், அதிக சத்தம், அதிக உதை. 'கொஞ்சம் ஓவர்' என்ற அர்த்தம் பெயரிலேயே இருக்கிறது.

டெக்ஸாஸில் வசிக்கும் ஒரு வாசகர் இந்த மேக்னம் விஷயமாக எனக்கு எழுதியிருக்கிறார். அமெரிக்கா போய்ப் பல வருஷமாகிறது. எச்-1பி விசாவில் இருந்தவரை அவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்த விசாக்காரர்களுக்கு அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. க்ரீன் கார்டு வந்த கையோடு முதல் துப்பாக்கி வாங்கினார். இப்போது வீட்டில் நாலு இருக்கிறது. ஐந்தாவதாக .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வேண்டும். கோல்ட் பைத்தானா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686-ஆ என்பதில்தான் குழப்பம். இதற்கிடையில் அவர் மனைவி எதுவுமே வேண்டாம் என்கிறாராம். 'சார், நான் ஒரு கலெக்டர். ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரிதான் இதுவும். அவளுக்குப் புரியவில்லை. நீங்கள் எழுதினால் ஒருவேளை புரியும்' என்கிறார்.

அவருக்குத்தான் எல்லாம் நன்றாகப் புரிந்திருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரிவால்வர் அழகான பொருள்தான். நல்ல கைக்கடிகாரத்தையும் பழைய தையல் மிஷினையும் ரசிக்கிறவனுக்கு அந்த சிலிண்டர் சுற்றும் நேர்த்தி பிடிக்காமல் போகாது. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவில் கொள்ளைக்காரர்கள் காரில் பறந்தார்கள். போலீஸிடம் இருந்த .38 ஸ்பெஷல் தோட்டா கார் தகட்டிடம் திணறியது. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தது. முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் பரிசாகப் போனது. விலை 60 டாலர். பொருளாதார மந்தத்தில் ஊரே தவித்த நேரத்தில் அது பெரிய காசு. இருந்தும் ஆர்டர் குவிந்தது. ஜெனரல் பேட்டனும் ஒன்று வாங்கி, தந்தப் பிடி போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு சினிமா வந்தது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி'யில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் .44 மேக்னத்தை நீட்டினார். அதற்கப்புறம் கடைகளில் அந்த மாடலுக்குக் கிராக்கி ஏறியது. 2010-ல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' தொடரில் கதாநாயகன் கையில் இருந்தது கோல்ட் பைத்தான். 1955-ல் அறிமுகமாகி, நடுவில் உற்பத்தி நின்றுபோன அந்த மாடலை கோல்ட் நிறுவனம் 2020-ல் மறுபடி கொண்டுவந்தது. விலை சுமார் 1,500 டாலர். ஆக, நம் வாசகர் ஆசைப்படுவது இரும்புக்கு மட்டும் இல்லை. ஒரு கதைக்கும் சேர்த்துத்தான். தப்பில்லை. எல்லாச் சேகரிப்பும் கதைக்காகத்தான்.

ஆனால் இது சேகரிப்புதானா?

ஸ்டாம்ப் ஆல்பத்தில் இருக்கும் தபால்தலையை இனி எந்தக் கவரிலும் ஒட்டப்போவதில்லை. செல்லாக்காசு சேர்ப்பவர் அதைக் கொண்டுபோய்க் கத்தரிக்காய் வாங்க முடியாது. ஒரு பொருளின் உபயோகம் முடிந்த இடத்தில்தான் சேகரிப்பு ஆரம்பிக்கிறது. கடையிலிருந்து புத்தம்புதிதாக வரும் ரிவால்வருக்கு உபயோகம் முடியவில்லை. ஆரம்பிக்கவே இல்லை. காத்துக்கொண்டிருக்கிறது.

இது என் சொந்த வியாக்கியானம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டமே அப்படித்தான் பிரிக்கிறது. 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைத்தான் மத்தியச் சட்டம் பழம்பொருள் என்கிறது. மேக்னம் ரிவால்வர் பிறந்ததே 1935-ல். ஆகவே இந்தக் கணக்கில் உலகத்தில் ஒரு மேக்னம் ரிவால்வர்கூடத் தேறாது. சேகரிப்பாளர்களுக்கென்றே தனி லைசென்ஸ் ஒன்றும் அங்கே உண்டு. அதில் அரும்பொருள் கணக்கில் வர, பொதுவாக 50 வருஷம் பழசாக இருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு செய்த பைத்தானுக்கு அந்த வயசு வர 2070 தாண்ட வேண்டும். அதுவரை அது சேகரிப்பு இல்லை. ஆயுதம்.

நவராத்திரிக் கொலுவில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எதையும் சேர்க்கிறவனுக்கு உள்ளே இதே அரிப்புதான். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. 2015-ல் ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் எடுத்த ஒரு சர்வேயில், அமெரிக்காவில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளில் பாதி வெறும் 3 சதவிகிதம் பேரிடம் இருப்பது தெரியவந்தது. ஆளுக்குச் சராசரி 17. கொலு பொம்மை படியில் இருக்கும். பத்தாம் நாள் பெட்டிக்குள் தூங்கப் போய்விடும். நடுராத்திரியில் யார் கையிலாவது ஏறிக்கொள்வதில்லை.

'வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சே' என்பது அடுத்த வாதம். பார்ப்போம். 1986-ல் மியாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் செத்துப்போனார்கள். ஆறு குண்டு தீர்ந்ததும் ரிவால்வரை மறுபடி நிரப்புவதற்குள் உயிர் போய்விடும் என்ற பாடத்தை அந்தத் துறை படித்தது. பெரும்பாலான அமெரிக்கப் போலீஸ் துறைகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரிவால்வரை விட்டுவிட்டு ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குப் போய்விட்டன. போலீஸே ஓரங்கட்டிய ஒன்றைத்தான் பாதுகாப்பு என்கிறோம். மேக்னத்தின் சத்தம் சுமார் 160 டெசிபல். 140-ஐத் தாண்டினாலே காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அங்கே வீட்டு உள்சுவர் நம்மூர் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். ஹாலில் சுட்டால் குண்டு பெட்ரூமுக்குள் போகும். அங்கே யார் தூங்குகிறார்கள்?

'ஏற்கெனவே நாலு இருக்கு. ஐந்தாவதால் என்ன கூடிவிடப் போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்தின் பெரும்பங்கு முதல் துப்பாக்கியோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ரிவால்வருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. பிஸ்டலில் ஸ்லைடை இழுக்க வேண்டும், பலவற்றில் சேஃப்டியைத் தள்ள வேண்டும். பெரும்பாலான ரிவால்வர்களில் இதெல்லாம் கிடையாது. தோட்டா இருக்கிறதா, விசையை இழு, முடிந்தது. 'யோசிக்கவே வேண்டாம்' என்பதுதான் ரிவால்வர் ரசிகர்கள் சொல்லும் பெருமை. எனக்குப் பயம் தருவதும் அதேதான். யோசிக்க ஒரு விநாடி கிடைத்திருந்தால் நடந்திருக்காத காரியங்கள் எத்தனை!

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். திருடன், கேங்ஸ்டர், பள்ளிக்கூடத்தில் சுட்டவன் என்றுதானே மனதில் ஓடுகிறது? அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திருக்காத ஆண்களைப்போல் சுமார் 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. அதே குழுவினர் 2022-ல் இன்னொரு கேள்வி கேட்டார்கள். துப்பாக்கி என்னுடையது இல்லை, என்னோடு வசிப்பவருடையது என்றால்? வீட்டில் இருப்பவர்கள் தம் துணையாலேயே சுடப்பட்டு இறக்கும் விகிதம் சுமார் 7 மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவிகிதம் பெண்கள்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலேயே 'வேண்டாம்' என்று சொல்கிற அந்த அம்மாவைப் பார்த்தா 'புரியவில்லை' என்கிறோம்?

நம் வாசகர் நல்ல மனிதர்தான். சந்தேகமே இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் நல்ல மனிதர்கள்தான். பிரச்னை மனிதர் அல்ல, நாள். வேலை போன நாள். பையன் ஃபெயிலான நாள். ஊரில் அப்பா இறந்து, டிக்கெட் கிடைக்காமல் தனியாக உட்கார்ந்திருக்கும் நாள். அந்த நாளில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

'சாகணும்னு முடிவு பண்ணினவன் எப்படியும் செய்வான்' என்பது நம் ஊரிலும் புழங்குகிற பெரிய பொய். பதில் பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. 1995-ல் உலகத்திலேயே மிக அதிகமான தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கேதான். லட்சத்துக்கு 47 பேர். கிராமத்து வீடுகளில் கொடிய பூச்சிமருந்து சுலபமாகக் கிடைத்தது. அவற்றை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005-க்குள் விகிதம் பாதியாகிவிட்டது. மக்களின் துக்கம் பாதியாகிவிடவில்லை. உள்நாட்டுப் போர்கூட முடியவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்த சாமான் மட்டும் மாறியது. ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் பலருக்கு வேகம் தணிந்துவிடும். பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கியிடம் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கடைசியாக உரிமை. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்லட்டும். உரிமை என்பது அரசாங்கத்துக்குச் சொல்லும் பதில். மனைவிக்குச் சொல்லும் பதில் அல்ல. 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று சொல்லி எந்த வீட்டிலாவது ஒரு சண்டை முடிந்திருக்கிறதா?

.357 மேக்னம் தோட்டாவில் ஒரு சங்கதி உண்டு. .38 ஸ்பெஷலைவிட அதன் கூடு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். மருந்து கொள்ளாமல் நீட்டியது அல்ல. தெரியாத்தனமாக யாரும் இதைப் பழைய, பலம் குறைந்த ரிவால்வரில் போட்டு, அது கையிலேயே வெடித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே நீட்டினார்கள். பழைய ரிவால்வரைக் காப்பாற்ற 3 மில்லிமீட்டர் யோசித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்றும் அந்த 3 மில்லிமீட்டரை நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: பைத்தானும் வேண்டாம், 686-உம் வேண்டாம். ஆசை தீரவில்லை என்றால், துப்பாக்கியை வாடகைக்குத் தரும் ஷூட்டிங் ரேஞ்சுகள் டெக்ஸாஸில் தாராளமாக இருக்கின்றன. காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிடலாம். இருக்கும் நாலையும் தோட்டா இல்லாமல் பூட்ட வேண்டும். தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும். 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைப்பது டெக்ஸாஸிலேயே குற்றம். முடிந்தால் நாலை மூன்றாக்கலாம், மூன்றை ஒன்றுமில்லாமல் ஆக்கலாம். சேகரிப்பில் ஒன்றைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் முடிவெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்றைக் கழிப்பதும் முடிவுதான்.

இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமான கட்டுரை அல்ல. பிள்ளை துப்பாக்கியும் கையுமாக அனுப்பிய போட்டோவை வாட்ஸப்பில் பத்துப் பேருக்குப் பெருமையாக ஃபார்வர்ட் செய்யும் அப்பாக்கள் இங்கே மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அங்கே குளிரா, வெயிலா, பேரன் சாப்பிட்டானா என்று கேட்கிற வரிசையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'அந்தப் பெட்டிச் சாவி யாருப்பா வச்சிருக்கா?'