கடைசிப் பெஞ்சின் கணிதம்



நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறிய நன்னூலாரைச் சிரத்தையுடன் பயின்று, ஜூன் மாதத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித உபாத்தியாயினியாக அமர்ந்த எனக்கு, 10-ஆம் வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்காரன் பின்னங்களைக் கூட்டவே தயங்குகையில் பாடத்திட்டம் இருபடிச் சமன்பாட்டை நோக்கி விரைகிறதே என்னும் விசாரம்தான் காலாண்டுப் பரீட்சை வரையில் பிரதானமாக இருந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 2/5 என்று கரும்பலகையில் எழுதிய மாணவனிடம், "அது அரையைவிடக் குறைச்சல் அல்லவா, தம்பி?" என்றதும், அவன் சற்றே யோசித்து, சட்டைக் கையாலேயே அதை அழித்தான். இத்தகைய பிள்ளைகளுக்காக முதற்பருவத்தில் தினம் ஒரு பாடவேளையேனும் கீழ்வகுப்புக் கணிதத்திற்கு ஒதுக்கக் கல்வித் துறையினர் அனுமதிப்பார்களாயின், தேர்ச்சி விகிதம் குறையுமென்று தலைமையாசிரியர்கள் அஞ்சவேண்டிய அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்ஙனம்,
ஒரு புதிய ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.