உடைந்த மணிக்கட்டும் பார்க்காத பரிசோதனையும்

கடந்த மார்கழியில் என் சின்னம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. 67 வயது. "வயது போனால் எலும்பு உடையும்தானே" என்றார்கள் எல்லோரும். நான் அவரது கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். தைரொக்சின் குளிசை ஒன்பது வருடமாக ஒரே அளவில் எழுதப்பட்டிருந்தது. கடைசியாக ரி.எஸ்.எச். பார்த்தது நான்கு வருடங்களுக்கு முன். பிறகு வெளியில் செய்யச் சொன்னார்களாம். "காசில்லை பிள்ளை, விட்டிட்டன்" என்றார். முறிவுக்குப் பின் பார்த்தபோது அது 0.1இலும் குறைவு. குளிசை தேவைக்கு அதிகமாகியிருந்தது.

எலும்பு ஓயாமல் கரைந்து மீண்டும் கட்டப்படுவது. ஒரு சுற்றுக்குச் சுமார் 200 நாட்கள். தைரொயிட் ஓமோன் கூடினால் இக்காலம் ஏறக்குறைய பாதியாகிறது. கரைகிற வேகத்துக்குக் கட்டுமானம் ஈடுகொடுப்பதில்லை. எலும்பைக் காத்துவந்த ஈஸ்திரோஜனும் மாதவிடாய் நின்றபின் குறைந்துவிடுகிறது. 65 வயதைக் கடந்த பெண்களிடம் செய்யப்பட்டு 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ரி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இடுப்பு முறிவு அபாயம் மூன்று மடங்காகவும் முதுகெலும்பு முறிவு அபாயம் நான்கு மடங்காகவும் இருந்தது.

குளிசை குற்றவாளியல்ல. குறையை நிரப்பும் சரியான அளவு எலும்பைக் கெடுப்பதில்லை. வயதாக ஆகப் பலருக்குத் தேவை குறைகிறது. கொப்பியில் எழுதிய அளவு மட்டும் குறைவதில்லை. தைரொயிட் புற்றுநோய் வந்தவர்கள் சிலருக்கு வைத்தியர்கள் வேண்டுமென்றே ரி.எஸ்.எச்.ஐக் குறைத்து வைப்பார்கள். ஆகவே யாரும் தாமாகக் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

2012இல் 7.9 சதவீதமாக இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோர், 2024 குடிசன மதிப்பீட்டில் 12.6 சதவீதம். அவர்களில் பெண்களே அதிகம். சுகவனிதையர் கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் நாடு இது. தைரொக்சின் எடுக்கும் பெண்களுக்கு வருடத்தில் ஒரு தடவை ரி.எஸ்.எச். பரிசோதனையை அரச வைத்தியசாலையிலேயே உறுதிசெய்வது பெரிய கேள்வியல்ல. இடுப்பு முறிந்தபின் சத்திரசிகிச்சைக்கும் படுக்கைக்கும் அரசு கொடுக்கும் விலை அதைவிடப் பன்மடங்கு.

அதுவரை, உங்கள் அம்மாவின் கொப்பியை ஒருதரம் திறந்து பாருங்கள். கடைசிப் பரிசோதனைத் திகதி ஒரு வருடத்துக்கு முந்தியதென்றால், அடுத்த கிளினிக்கில் அதைக் கேளுங்கள். கல்சியம் குளிசையும் எடுப்பவரானால், தைரொக்சினுக்கும் அதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி விடச் சொல்லுங்கள்.

சின்னம்மாவின் அளவை இப்போது குறைத்திருக்கிறார்கள். கை மட்டும் இன்னும் வாளி தூக்க விடுவதில்லை.