பனங்காயும் பனிக்கட்டியும்

நல்லூர்க் கந்தன் திருவிழா நடைபெறும் 25 நாட்களிலும் யாழ்ப்பாணத்தார் தவறாது செய்யுங் காரியங்கள் இரண்டு. ஒன்று, வீதியிலே கால் புழுதிபட நின்று கும்பிடுவது. மற்றது, கும்பிட்டு முடிந்ததும் ஐஸ்கிறீம் கடைக்குப் போவது. முதற் காரியத்துக்குப் பிள்ளைகளை நாம் இழுத்துக்கொண்டு போகவேண்டும். இரண்டாவதற்குப் பிள்ளைகள் எம்மை இழுத்துக்கொண்டு போவார்கள்.

சென்ற திருவிழாவின்போது எம்மை இழுத்துச் சென்றவள் எமது இளைய மகள். வழமையாகப் போகும் பெரிய கடைகளிலே அன்று நிற்கவும் இடமில்லை. ஒழுங்கை ஒன்றுக்குள் புதிதாகச் சிறு கடையொன்று இருப்பதாகவும், அங்கே வேறெங்கும் கிடையாத ஐஸ்கிறீம் வகைகள் உண்டென்றும் அவள் பள்ளித் தோழியரிடம் கேள்விப்பட்டிருந்தாள். எமது அன்னையார், இல்லத்தரசி, மக்கள் இருவர் ஆகியோருடன் நாமும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

மேசைகள் ஆறுதான். சுவரிலே தொங்கிய பலகையைப் படித்தோம்: விளாம்பழம், நன்னாரி, இஞ்சி, மிளகாய்த்தூள் தூவிய கறுத்தக்கொழும்பான். எல்லாவற்றுக்குங் கடைசியில் பனம்பழம் என்றிருந்தது. வனிலாவைவிட அதற்கு விலை கூட. அன்னையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“பனங்காயிலையோ ஐஸ்கிறீம்? தம்பி, எனக்கு அதிலை ஒண்டு சொல்லு” என்றார்.

செம்மஞ்சள் நிறத்தில் கிண்ணம் வந்தது. மணம் ஒன்றுமில்லை. ஏமாற்றந்தான் என எண்ணி வாயில் இட்டோம். நாவிலே அது உருகத் தொடங்கியதும், அடுப்பிலே சுட்ட பனம்பழத்தின் மணம் மெல்ல எழுந்தது. இனிப்பு முன்னே வந்தது; அந்தப் பழைய காறல் தொண்டையருகே பின்னால் வந்து நின்றது.

கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். ஆசிரியர் என்று எமது முகத்தில் எழுதியிருந்தது போலும். கேளாமலே “சேர்” என்று விளித்து, செய்முறையையும் விளக்கினார்.

பாலையும் சீனியையும் வெறுமனே குளிர வைத்தால் ஐஸ்கிறீம் ஆகாது, கல்லாகும். மெதுவாக உறையும் நீர் பெரிய பளிங்குகளாகி நாவில் மணல்போல நெருடும். ஆகவே விரைவாகக் குளிர்த்திக்கொண்டே விடாமற் கடையவேண்டும். அப்போதுதான் பளிங்குகள் நுண்ணியனவாகும். காற்றும் கலந்து மென்மை உண்டாகும். சீனி இனிப்புக்கு மாத்திரமன்று. நீரின் உறைநிலையைத் தாழ்த்தி, கரண்டி இறங்கும்படி வைத்திருப்பதும் அதுவே. மேலும், குளிர்ந்த நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். உருகிய ஐஸ்கிறீமைச் சுவைத்துப் பார்க்கும் இல்லத்தரசிகள், “இவ்வளவு சீனியா!” என்று வியப்பது இதனாலேதான்.

இந்த இடத்திலேதான் பனம்பழம் அவரைப் பாடுபடுத்தியது. பனங்களியில் ‘பிளாபெலிபெரின்’ என்னும் ஒருவகைக் கைப்புப் பொருள் உண்டு. குளிரிலே இனிப்பு அடங்கிவிட, கைப்பே மேலோங்கி நின்றதாம். முதலில் செய்தவற்றை வீட்டு நாயுந் தொடவில்லை என்றார். பின்னர் தம் பாட்டியார் சொற்படி பழத்தைச் சுட்டு, களியைப் பிழிந்து, தும்பு போகத் துணியில் வடித்து, பனங்கட்டியுடன் காய்ச்சிப் பாலிற் கலந்தாராம். அதன்பின்பே பதம் கைவந்தது.

குளிர் என்பது ஒரு காலத்தில் கப்பலேறி வந்த சரக்கு. 1833 இல் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பொஸ்ரன் நகரிலிருந்து கல்கத்தாவுக்கு ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தின் பின் ஏறக்குறைய 100 தொன் உருகாமல் வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையிற் கட்டிய மாளிகை, இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கின்றது. குளிர் இவ்வாறு கடல் கடந்து வந்தது. பனையோ எமது வேலியோரத்திலே கேட்பாரின்றி நின்றது.

நிற்க. இந்த இரண்டினுள் ஒன்று மாத்திரமே எமக்குக் கிடைத்த காலமும் இருந்தது.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றி, அந்த வெளிச்சத்திலே படித்தோம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்கள் பட்டினத்திலே எதையேனும் குளிரவைத்திருக்கலாம். எம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி என்பது பாடப்புத்தகத்துச் சொல்லாகவே இருந்தது.

பனைகள் மாத்திரம் தடையெதுவும் அறியாமல் காய்த்தன. ஒடியற் கூழ், புழுக்கொடியல், பனாட்டு, பணியாரம் என்று அன்னையார் எமக்கு ஊட்டி வளர்த்ததெல்லாம் அம்மரம் தந்ததே. எமக்கு அப்போது வயது 12. ஒரு நாட் காலை அவர் பனம்பழத்தைச் சுட்டுத் தோலுரித்து, பழப்புளியிலே தோய்த்துத் தட்டில் வைத்தார். அதற்கு முந்திய நாட்களிலும் அதுவே உணவு. நாம் தட்டோடு எடுத்து முற்றத்திலே எறிந்தோம்.

“ஐஸ்கிறீம் கேட்டால், மாடு தின்னுறதைத் தாறியள்” என்றும் கத்தினோம்.

அன்னையார் ஏசவில்லை, அடிக்கவுமில்லை. முற்றத்திலிறங்கிப் பழத்தைப் பொறுக்கி, கிணற்றடியிலே கழுவிக்கொண்டுபோய் அடுக்களைக்குள் இருந்து தாமே உண்டார். அன்று அவருக்கும் வேறு உணவு இருக்கவில்லை என்பது எமக்குப் பல ஆண்டுகளின் பின்பே விளங்கிற்று. விளங்கிய பின்பும் அதைப்பற்றி அவரிடம் ஒரு சொல்லும் பேசினோமில்லை. வகுப்பிலே நாற்பது மாணாக்கர் முன் நின்று நன்றியறிதலைப்பற்றி நாம் பேசியதுண்டு.

இவையெல்லாம் அச்சிறு கடையிலே எம் நினைவுக்கு வந்தன. அன்னையார் மறந்திருப்பார் என்று எண்ணினோம். அவரோ கிண்ணத்திற் பாதியை ஆறுதலாக உண்டு, கரண்டியை வைத்துவிட்டு எம்மைப் பார்த்தார்.

“அண்டைக்கு முத்தத்திலை எறிஞ்சதை, இண்டைக்குக் காசு குடுத்து வாங்கித் தாறாய், என்ன?”

பிள்ளைகள் காரணம் அறியாது சிரித்தனர். இல்லத்தரசி எமது முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எமக்குச் சிறிது நேரம் வாய் எழவில்லை.

“அது பிழைதான், அம்மா” என்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கிக் கிடந்த சொல் அது.

“அதுக்கென்ன? பசியிலை சொன்னது. ஐஸ்கிறீம் நல்லாத்தான் இருக்கு, காறல்தான் காணாது” என்று கூறி, மீதிப் பாதியைப் பேர்த்தியிடம் தள்ளிவிட்டார். நல்ல பொருள் எது கிடைத்தாலும் பாதியோடு நிறுத்துவது அவருடைய அந்நாளைய பழக்கம், இன்னும் போகவில்லை.

புறப்படும்போது அவர் கடைக்காரரிடம் பழம் எங்கே வாங்குகிறீர் என்று விசாரித்தார். விடியற்காலையிலே பனை வளவுகளிற் பொறுக்கி வரும் வயோதிகப் பெண்கள் சிலரிடம் காசு கொடுத்து வாங்குவதாக அவர் கூறினார். எமக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பனையின் பெருமையை மேடைகளிற் கேட்கிறோம். பனை அபிவிருத்திச் சபையும் 1978 முதல் இருந்து வருகிறது. ஆயினும் ஆடி ஆவணியிலே எம்மவர் வளவுகளில் விழும் பழங்களிற் பல மாட்டுக்கும் வண்டுக்குமே போகின்றன. அவற்றிற் சிலவற்றுக்காவது ஒருவர் விலை வைத்திருக்கிறார்.

புதுமைக்காக ஒருமுறை உண்டு, படம் பிடித்துக்கொண்டு போய்விடுவோர் பலர் வரக்கூடும். அதிற் குற்றமில்லை. ஆனால் வாசகர்களே, இத்தகைய கடைக்கு நீங்கள் போவதாயின் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சுவை சரியா, பிழையா என்று சொல்லவல்லவர் அவரே. உங்களிடம் சொல்ல அவருக்கு வேறு சங்கதிகளும் இருக்கலாம். அவரிடம் சொல்ல உங்களுக்கும் ஏதேனும் இருக்கலாம்.

மறுநாட் காலை நாம் எழுந்தபோது அன்னையாரையும் இளைய மகளையும் வீட்டிற் காணவில்லை. சற்று நேரத்தில் கடகம் ஒன்றில் நான்கு பனம்பழங்களுடன் இருவரும் வளவிலிருந்து வந்தனர். அன்று மாலை எமது தட்டிலும் ஒன்று வைக்கப்பட்டது. காறல் நிறைய இருந்தது. நாம் ஒன்றும் பேசாது உண்டு முடித்தோம்.