ஹீட் பம்ப் மட்டும் போதாது, செட்டிங்கும் நம் கையில் வேண்டும்

புதிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். பாஸ்வேர்டு வைக்கிறோம். கேட்காமலே தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்துகிறோம். இதையெல்லாம் கடைக்காரரே செய்துவிட்டு, பாஸ்வேர்டையும் அவரே வைத்துக்கொண்டு போனால் சும்மா விடுவோமா? ஆனால் கம்ப்யூட்டரைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒரு இயந்திரத்தில் குளிர் நாட்டு வீட்டுக்காரர்கள் இதைத்தான் அனுமதிக்கிறார்கள். அந்த இயந்திரம், வீடு முழுவதையும் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட் பம்ப்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். வசிப்பது அமெரிக்காவின் வடகிழக்கில், பனி கொட்டும் ஊரில். இங்கே ஹீட் பம்ப் வெற்றி பெறுவதும் கெட்ட பெயர் வாங்குவதும் பல நேரம் ஹார்டுவேரால் அல்ல, சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கம்ப்யூட்டரின் செட்டிங்கால்தான் என்பது என் கருத்து. அந்தச் செட்டிங் வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும்.

குளிர்ந்த காற்றில் வெப்பமா?

ஹீட் பம்ப் புதிய அதிசயம் அல்ல. உங்கள் வீட்டு ஏ.சி. அறைக்குள் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதே வேலையைத் திருப்பிச் செய்தால் ஹீட் பம்ப். உள்ளே இருக்கும் ஒரு வால்வு, வாயு ஓடும் திசையை மாற்றிவிடும். கோடையில் ஏ.சி., குளிர்காலத்தில் ஹீட்டர். இரண்டுக்கும் ஒரே இயந்திரம்.

மைனஸ் 15 டிகிரி குளிரில் வெளியே எங்கே வெப்பம் இருக்கிறது என்று கேட்பீர்கள். வெப்பம் அறவே இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி. அதோடு பார்த்தால் மைனஸ் 15 எவ்வளவோ மேல். இந்த இயந்திரங்களில் ஓடும் வாயுக்கள் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய மைனஸ் 50 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே மைனஸ் 15 டிகிரிக் காற்றும் அவற்றுக்குச் சூடான காற்றுதான். அந்த வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரஸரில் அழுத்தி, வீட்டுக்குள் கொண்டு வந்து விடுகிறது.

ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்ற கணக்குக்கு சி.ஓ.பி. என்று பெயர். நல்ல ஹீட் பம்பில் வெளியே 5, 6 டிகிரி இருக்கும்போது இது 3-க்கு மேல் போகும். மைனஸ் 15-இல் 2-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண மின் ஹீட்டரில் எப்போதும் 1 மட்டுமே.

'குளிர் அதிகமானால் ஹீட் பம்ப் படுத்துவிடும்' என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மை. ஒரே வேகத்தில் ஓடும் பழைய மாடல்களின் திறன், மைனஸ் 15-இல் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மாடல்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. அமெரிக்காவின் குளிர் மாநிலமான மெய்ன், 2025-க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2019-இல் இலக்கு வைத்தது. 2023-லேயே அதை எட்டிவிட்டது.

ஒளிந்திருக்கும் இரண்டாவது ஹீட்டர்

அப்படியானால் பிரச்சினை எங்கே?

சென்ட்ரல் ஹீட் பம்பில் வெளியே ஒரு யூனிட், உள்ளே ஒரு யூனிட். உள்ளே உள்ள யூனிட் சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பும். அந்த உள் யூனிட்டில் பெரும்பாலும் மின்சாரக் காயில் ஒன்றையும் சேர்த்தே பொருத்துகிறார்கள். நம் வீட்டு வாட்டர் ஹீட்டரில் இருப்பதைப் போன்றதுதான், ஆனால் பெரியது. 10 கிலோவாட் காயில் ஒரு மணி நேரம் முழுதாக எரிந்தால் 10 யூனிட் போய்விடும்.

காயில் தேவைதான். கடும் குளிர் நாளில் கை கொடுக்கும். வெளி யூனிட்டில் படியும் உறைபனியைக் கரைக்க இயந்திரம் சில நிமிடம் திசை மாறி ஓடும்போது, வீட்டுக்குள் குளிர்ந்த காற்று வராமல் காக்கும். ஆனால் அதை எப்போது எரிப்பது என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட்டில் உள்ள சாப்ட்வேர். அந்த சாப்ட்வேருக்கு உங்கள் மின் கட்டணம் தெரியாது. பொருத்துபவர் கொடுத்த எண்கள் மட்டுமே தெரியும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் கம்பெனி போட்டு அனுப்பிய டிபால்ட் எண்.

எக்செலில் நாலு வரி

ஒரு ஒர்க் ஷீட்டைத் திறந்து இதைப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு 25 சென்ட், ஹீட்டிங் ஆயில் காலனுக்கு 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலன் ஆயிலில் சுமார் 40 யூனிட் வெப்பம் இருக்கிறது. 85 சதவீதத் திறனுள்ள பர்னஸில் அதில் 34 யூனிட் வீட்டுக்குள் வரும்.

ஆயிலில் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை சுமார் 12 சென்ட்.
சி.ஓ.பி. 2.5 உள்ள ஹீட் பம்பில் 10 சென்ட்.
காயிலில் 25 சென்ட்.
வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு காயிலில் இருந்து வந்தால், சராசரி 13 சென்ட்.

கடைசி வரியைக் கவனியுங்கள். முழுக்க ஹீட் பம்பில் ஓடினால் ஆயிலைவிட லாபம். ஐந்தில் ஒரு பங்கு காயிலுக்குப் போனாலே ஆயிலைவிட நஷ்டம். குளிர்காலம் முழுவதற்கும் 20,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 600 டாலர். இயந்திரம் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். மாறியது செட்டிங் மட்டும். உங்கள் ஊர் விலைகளைப் போட்டால் விடை மாறும். அதற்குத்தானே ஒர்க் ஷீட்!

பக்கத்து வீட்டுக் கணக்கு

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஆயில் பர்னஸை எடுத்துவிட்டு சென்ட்ரல் ஹீட் பம்ப் போட்டார். ஜனவரி மாத பில் வந்ததும் பயந்து போனார். சிக்கனமாக இருக்கலாம் என்று இரவில் வீட்டை 15 டிகிரிக்கு இறக்கி, காலையில் 20-க்கு ஏற்றினார். அடுத்த பில் இன்னும் கூடியது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆயிலுக்கே போகலாமா என்று விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அமெரிக்காவில் 2012-இல் 'கிரீன் பட்டன்' என்ற வசதி தொடங்கியது. அதில் சேர்ந்திருக்கும் மின் நிறுவனங்களின் இணையதளத்தில் வீட்டுக்காரர் லாக்-இன் செய்து, தன் மின் உபயோகத்தை ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளில் மணி வாரியாகவே கிடைக்கும். அவர் கம்ப்யூட்டரிலேயே இரண்டு மாதக் கணக்கை இறக்கினோம். சுமார் 1,400 வரிகள். எக்செலில் ஒரு சார்ட் போட்டதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. தினமும் காலை 5 முதல் 8 மணி வரை கோபுரம் போல ஒரு உச்சம். வெளியே 4 டிகிரி இருந்த இதமான நாட்களிலும் அதே உச்சம்!

காரணம் எளிது. அறை வெப்பம் நாம் வைத்த அளவைவிட ஒரு டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால் காயிலை எரி என்று தெர்மோஸ்டாட்டில் இருந்தது. காலையில் 15-இல் இருந்து 20-க்கு ஏற்றும்போது வித்தியாசம் 5 டிகிரி. உடனே காயில். அவர் சிக்கனம் செய்யச் செய்ய பில் ஏறியது இதனால்தான். ஹீட் பம்பைத் தனியாக விட்டிருந்தால் சற்று மெதுவாக, பாதிக்கும் குறைவான செலவில் அதே 20 டிகிரியைக் கொடுத்திருக்கும்.

மாற்றலாம் என்றால், அந்த மெனுவுக்குப் பாஸ்வேர்டு. பொருத்திய நிறுவனத்திடம் பேசி ஆள் வர இரண்டு வாரம் ஆனது. வேலை முடிய பத்து நிமிடம் ஆனது. அடுத்த மாத சார்ட்டில் கோபுரங்கள் இல்லை. அவரும் ஆயில் பேச்சை விட்டுவிட்டார்.

கேட்டு வாங்க வேண்டியவை

1. காயிலுக்கு வெளி வெப்ப வரம்பு. குறிப்பிட்ட குளிருக்கு மேல் வெளியே இருக்கும்போது காயில் எரியவே கூடாது என்று ஒரு எண் போடலாம். ஹீட் பம்ப் தனியாக வீட்டைத் தாங்கக்கூடிய கடைசி வெப்பநிலை எதுவோ, அதை ஒட்டியே இந்த எண் இருக்க வேண்டும்.

2. காயில் தலையிடும் வித்தியாசமும் நேரமும். அரை டிகிரி குறைந்ததும் ஓடி வரக் கூடாது. ஹீட் பம்புக்குப் போதிய அவகாசம் கொடுத்துப் பார்த்த பிறகே வர வேண்டும்.

3. இரவு இறக்கம். ஆயில் பர்னஸில் இரவு நன்றாக இறக்குவது லாபம். ஹீட் பம்பில் ஒரே அளவில் வைப்பது அல்லது ஓரிரு டிகிரி மட்டும் இறக்குவது நல்லது.

4. பொருத்தமான தெர்மோஸ்டாட். இன்வெர்ட்டர் இயந்திரங்கள் பலவும் தங்கள் கம்பெனி தெர்மோஸ்டாட்டுடன் மட்டுமே முழுதாகப் பேசும். அழகாக இருக்கிறது என்று வேறொன்றை மாட்டினால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறனை இழந்து, ஆன், ஆஃப் என்று மட்டும் ஓடக்கூடும். சரியான டிரைவர் இல்லாத பிரிண்டரைப் போலத்தான்.

செட்டிங்கால் தீராத விஷயங்களும் உண்டு. எத்தனை டன் தேவை என்பதை அறை வாரியாகக் கணக்கிட அமெரிக்காவில் 'மேனுவல் ஜே' என்ற முறை இருக்கிறது. பழைய பர்னஸின் அளவைப் பார்த்தே சொல்பவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். மைனஸ் 15-இல் இயந்திரம் எவ்வளவு தரும் என்றும் கேளுங்கள். அட்டையில் போட்டிருக்கும் டன், இதமான வெப்பநிலைக்கான எண். குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பர்னஸ் காற்றைவிட ஹீட் பம்ப் காற்றின் சூடு குறைவு என்பதால் அதிகக் காற்று ஓட வேண்டும். குறுகலான பழைய குழாய்கள் அதற்குப் போதாமல் போகலாம்.

பாஸ்வேர்டு வைப்பதற்குப் பொருத்துபவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் எதையாவது அழுத்திவிட்டு, நடு இரவில் வீடு குளிர்கிறது என்று போன் செய்வார் என்பது அவர்கள் கவலை. உண்மைதான். கம்ப்யூட்டரிலும் இது நடக்கிறது. அதற்காக நம் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கடைக்காரரிடமே விட்டு வைப்பதில்லையே! பொருத்திய நாளில் இருந்த செட்டிங்கை எழுதி வைத்துக்கொண்டால், எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். பேக்கப் என்பது அதுதான்.

அமெரிக்காவில் ஹீட் பம்புக்கு 2,000 டாலர் வரை கிடைத்து வந்த மத்திய அரசின் வருமான வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இனி இயந்திரம் தன் விலையை மாதாந்திர பில்லில்தான் திருப்பித் தர வேண்டும். ஆகவே குளிர் நாட்டில் இருக்கும் உங்கள் அண்ணனோ, மகளோ சென்ட்ரல் ஹீட் பம்ப் போடப் போவதாகச் சொன்னால் ஒரு யோசனை சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களை வாங்கிக்கொள்ளட்டும். ஒன்று, எல்லா செட்டிங்கும் எழுதிய ஒரு தாள். மற்றொன்று, அந்த மெனுவின் பாஸ்வேர்டு. பணம் கைமாறிய பிறகு இரண்டையும் வாங்குவது கஷ்டம்.