கறுப்பு டின்னும் காசுக்குத்தான்

கறுப்பும் வெள்ளையும் நிறமே இல்லையாம். எந்த வாத்தியார் முதலில் சொன்னாரோ, கடைக்கு அப்பாவோடு வரும் பிள்ளைகள் எல்லாம் இதையே ஒப்பிக்கிறார்கள். பெரும்பாக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வெள்ளை நிறமில்லை என்றால் நான் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். பெரும்பாலான ஷேடுகளுக்கு மிக்சிங் மெஷினில் முதலில் ஏறுவதே வெள்ளை பேஸ்தான்.

பிள்ளைகள் சொல்வது ஒளியின் கணக்கு. நியூட்டன் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்துக் காட்டினார். எல்லா நிறமும் சேர்ந்தால் வெண்மை, ஒன்றுமே இல்லையென்றால் இருட்டு. செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீலத்தை முழுதாக எரியவிட்டுத்தான் வெள்ளை காட்டுகிறது. சரி, அதே மூன்று நிறத்தில் ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் சாயம்) பாட்டில்களை ஒரு மக்கில் கவிழ்த்துக் கலக்கிப் பாருங்கள். சாக்கடைச் சேறு மாதிரி ஒன்று வரும், வெள்ளை வராது. வானவில்லில் இல்லாததெல்லாம் நிறமில்லை என்றால் பிரவுனும் பிங்க்கும்கூட இல்லை. அவற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு ஒரு மூலம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளில் அள்ளும் இல்மனைட். வேடிக்கை என்னவென்றால் அது கறுப்பு மணல்! சுவருக்கு அடிக்கும் வெள்ளை அதிலிருந்துதான் வருகிறது.

கறுப்பின் வேலை கண்ணுக்குத் தெரியாது. சந்தன ஷேடு கேட்பவருக்கு மெஷின் ஒரு பொட்டுக் கறுப்பை விடும். "ஐயோ, என்னப்பா கறுப்பை ஊத்துறே?" என்று நிற்கிற அம்மா பதறுவார். அந்தப் பொட்டு விழாவிட்டால் சுவர் பல்லிளிக்கும். பக்கத்துக் கண்ணகி நகர்ச் சுவர்களில் வரைந்திருக்கும் முகங்களில் கறுப்பை எடுத்துவிட்டால் கண்ணே இருக்காது.

கறுப்பு ஒரு நிறம்தான் என்பதில் அரசியல்காரர்களுக்குக் குழப்பமே கிடையாது. பெரியாரின் கருஞ்சட்டை மாநாடு 1946-இல் மதுரையில் கூடியது. 2025 ஜனவரியில் எழும்பூரில் முதல்வர் கலந்துகொண்ட விழாவுக்கு வந்த மாணவிகளிடம் கறுப்புத் துப்பட்டாவைக் கழற்றச் சொன்னார்கள் பாதுகாப்புக்கு நின்ற போலீஸார். நிறமில்லாத ஒன்றைப் பார்த்தா இந்தப் பயம்?

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அறிவியல் வகுப்பில் ஒளியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஓவிய வகுப்பில், நிறங்களின் வரிசையில் கறுப்பையும் வெள்ளையையும் எழுதிய பிள்ளைக்கு மட்டும் மார்க்கைக் குறைக்காதீர்கள்.