கல்யாண ஆல்பம்: காசுக்குச் செய்யும் வேலை மட்டுமா?

கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மறுநாள் பந்தலைப் பிரிக்கிறார்கள். வாசலில் கட்டிய வாழை மரம் வாடிவிடுகிறது. உறவினர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

வீட்டில் மிஞ்சுவது என்ன? கல்யாண ஆல்பம்!

போட்டோ எடுப்பவரை எல்லோருக்கும் தெரியும். "கொஞ்சம் சிரியுங்கள்" என்று சொல்லிக்கொண்டு மணமேடையைச் சுற்றி வருகிறார் அல்லவா? ஆனால் அந்தப் படங்களை ஆல்பமாக ஆக்குபவரை யாருக்கும் தெரியாது. அவர் கல்யாணத்துக்கே வருவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரவில் கண் விழித்து, முன்பின் தெரியாத குடும்பத்தின் முகங்களைப் பக்கம் பக்கமாக அடுக்குகிறார்.

இது ஒரு தொழில். நல்ல தொழில். ஆனால் இதற்கு உரிய மதிப்பும் இல்லை, ஒழுங்கும் இல்லை. இரண்டும் வரவேண்டும்.

மணவாள நகர்

திருவள்ளூர் ரெயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது மணவாள நகர். பெயரிலேயே மணவாளன் இருக்கிறான்!

ஒரு பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. வெளியூர்களில் இருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த வட்டாரம் இது.

தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. லீவு கிடைக்காது. தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் போக முடியாமல் போகிறது. அந்த அண்ணனுக்குக் கல்யாணம் என்பதே ஆல்பத்தில் பார்ப்பதுதான்!

ஆகவே இது போன்ற ஊரில் ஆல்பம் ஆடம்பரப் பொருள் அல்ல. பிரிந்திருக்கும் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் பொருள்.

கத்தரித்து ஒட்டிய காலம்

படங்களையும் துண்டுத் தாள்களையும் நோட்டில் ஒட்டிவைப்பது பழைய பழக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இதில் பைத்தியமாக இருந்தார். பசை தடவிய பக்கங்கள் கொண்ட நோட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, 1873-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்!

நம் நாட்டிலும் கறுப்பு அட்டையில் நான்கு மூலையும் செருகி ஒட்டிய ஆல்பங்கள் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன.

1975-இல் கோடக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 வினாடி பிடித்தது. படத்தில் இருந்த புள்ளிகள் 10 ஆயிரம்தான்.

1990-இல் 'போட்டோஷாப்' விற்பனைக்கு வந்தது. கத்தரிக்கோலும் பசையும் செய்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

எப்படித் தயாராகிறது?

ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கிறார்கள். அவற்றில் சில நூறு படங்கள்தான் ஆல்பத்தில் ஏறும். தேர்ந்தெடுப்பது முதல் வேலை. நிறத்தைச் சீராக்குவது இரண்டாவது. நலங்கு முதல் வரவேற்பு வரை வரிசைப்படுத்துவது மூன்றாவது. பிறகு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

விரித்தால் 12 அங்குல உயரம், 36 அங்குல அகலம் என்பது வழக்கமான ஓர் அளவு. அச்சு தெளிவாக இருக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியானால் ஒரு தாளுக்கு எத்தனை புள்ளி? 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம்!

"வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். அதைப் பெரிதாகப் போடுங்கள்" என்று சிலர் சொல்லுகிறார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போகிறது. பெரிதாக்கினால் முகம் மங்கிவிடும். அது டிசைனர் குற்றம் அல்ல. படத்தை 'டாகுமென்ட்'டாக அனுப்பினால் சுருங்காது.

தமிழ் எழுத்திலும் ஒரு தொல்லை உண்டு. 'கோமதி' என்று அடித்தால், சில சமயம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகிவிடும். மணப்பெண்ணின் பெயரே தவறாக அச்சானால், ஆல்பம் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன பயன்?

ஓரத்தில் நிற்கும் பாட்டி

இந்தத் தொழிலில் மிகப் பெரிய பொறுப்பு எது? எதை எடுப்பது, எதை வெட்டுவது என்பதுதான்.

மணமக்களின் படம் நூறு இருக்கும். ஓரத்தில் குனிந்து நிற்கும் பாட்டியின் படம் ஒன்றுதான் இருக்கும். அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாட்டி காலமாகிவிடுகிறாள். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடு முழுவதும் தேடுகிறார்கள். ஆல்பத்தைப் புரட்டுகிறார்கள். பாட்டியின் தோள் மட்டும் இருக்கிறது!

டிசைனருக்குப் பாட்டியைத் தெரியாது. ஆகவே அவர் கேட்க வேண்டும். "கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் யார் யார்?" என்று வேலை தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் வாங்க வேண்டும். குடும்பத்தாரும் அதைக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை இது!

கறுப்பைச் சிவப்பாக்காதீர்

மணப்பெண் கறுப்பாக இருந்தால், கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிவிடுகிறார்கள். அப்பாவின் முகச் சுருக்கம் போய்விடுகிறது. மாப்பிள்ளையின் கன்னத்து மச்சமும் மறைந்துவிடுகிறது.

வெளிச்சம் குறைந்த படத்தைச் சரி செய்வது வேறு. ஆளையே மாற்றுவது வேறு. தன் கல்யாணப் படத்தில் தன் முகத்தையே காணாத பெண்ணுக்கு, "உன் நிறம் போதாது" என்று சொன்னது போல ஆகாதா? பெற்றோர் கேட்டாலும், பெண்ணைக் கேட்காமல் அவள் முகத்தில் கை வைக்கக் கூடாது.

படம் யாருடையது?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்குப் பதில் சொல்லுகிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்.

ஆகவே பிறர் வீட்டுப் பெண்ணின் படத்தை, கேட்காமல் கடை விளம்பரத்தில் போடுவது சரியல்ல. "போடலாமா?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த பிறகு படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார், எப்போது அழிப்பார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் முதல்!

உழைப்புக்கு உரிய கூலி

டிசைனர்கள் பலர் போட்டோ ஸ்டுடியோக்களுக்குத் தாள் கணக்கில் வேலை செய்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் பெண்களுக்கும் ஏற்ற தொழில் இது. ஆனால் கூலி இழுத்தடிக்கப்படுகிறது. "கல்யாண வீட்டார் கொடுக்கட்டும், தருகிறேன்" என்பது வாடிக்கையான பதில்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. மீறினால் வட்டியோடு கொடுக்க வேண்டும். இதற்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலையில் தொடங்கியது. கட்டணம் இல்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாளில் நான்கு வரி எழுதினால் போதும்: எத்தனை பக்கம், எவ்வளவு முன்பணம், எத்தனை முறை திருத்தம், என்றைக்குக் கொடுப்பது. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

தண்ணீர் வந்தால்?

2015 டிசம்பரில் சென்னையையும் சுற்று வட்டாரத்தையும் வெள்ளம் சூழ்ந்ததே, நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பீரோவை உயர்த்தலாம். ஊறிப்போன ஆல்பத்தை என்ன செய்வது?

ஆகவே படங்கள் மூன்று பிரதி இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஆல்பம் வாங்கும் அன்றே அசல் படங்களையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். டிசைனரின் கம்ப்யூட்டரை நம்பி இருக்கக் கூடாது. அதுவும் ஒரு நாள் கெட்டுப்போகும்!

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் தூசி படிந்து கிடந்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் பிடித்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றை டிஜிட்டல் பிரதியாக்கியது. சாதாரணக் குடும்பங்களின் படங்கள்தான் அவை. இன்று அவையே சரித்திரம்!

மணவாள நகரில் இன்று தயாராகும் ஆல்பமும் நாளைய சரித்திரம்தான். அதைச் செய்பவர் உண்மையாகச் செய்யட்டும். செய்விப்பவர் பேசிய கூலியைக் குறித்த நாளில் கொடுக்கட்டும்.

பேரன் பேத்திகள் பார்க்கப்போகும் பக்கங்கள் அவை. அதில் பாட்டியின் முகம் முழுதாக இருக்கட்டும்!