லாரி ரோட்டில் எதற்கு சைக்கிள் போட்டி? பிள்ளைகளைச் சேற்றில் இறக்குங்க!

செப்டம்பர் 15 அறிஞர் அண்ணா பிறந்த நாள். அதையொட்டி வருஷா வருஷம் மாவட்டத்துக்கு மாவட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. விழுப்புரத்திலும் உண்டு. 13 வயதுக்குள், 15 வயதுக்குள், 17 வயதுக்குள் என்று மூன்று பிரிவு. சின்னப் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெரிய பையன்களுக்கு 20. பெண் பிள்ளைகளில் சின்னவர்களுக்கு 10, மற்றவர்களுக்கு 15.

நல்ல காரியம்தான். அதில் ஒரு விதி இருக்கிறதே, அதை எழுதிய அதிகாரிக்கு மாலையே போடலாம். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த சைக்கிள்தான் வரணும். கியர் சைக்கிளுக்கு இடமில்லை! லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருக்கிற பணக்கார வீட்டுப் பையனும் அதை வீட்டில் விட்டுவிட்டு, பால்காரர் மகன் பக்கத்தில் அதே மாதிரி சைக்கிளோடு நிற்க வேண்டியதுதான்.

எல்லாம் சரி. நடக்கிற இடம்தான் உதைக்கிறது. ரோடு!

விழுப்புரம், திண்டிவனம் ரோடு லட்சணத்தை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டியெல்லாம் இந்த இரண்டு ஊரையும் உரசிக்கொண்டுதான் போகிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு ரோடு பிரிகிறது, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு ரோடு பிரிகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி, பஸ், மணல் வண்டி. 20 கிலோமீட்டர் வேண்டுமென்றால் எந்தப் பாதையைப் பிடித்தாலும் ஊரைத் தாண்டித்தான் ஆகணும்.

காலை நேரம்தான், போலீசும் நிற்கும். முன்னால் போகிற பத்துப் பேருக்குக் கவலையில்லை. வழியில் செயின் கழன்று, உட்கார்ந்து மாட்டி, கையெல்லாம் கிரீஸோடு கடைசியாக வருகிற 12 வயசுப் பையன் கதி? அவன் வருகிற வரைக்கும் லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பானா?

பெற்றவர்கள் பார்க்கவும் முடியாது. புறப்படும்போது கை காட்டலாம். அப்புறம் ஒரு மணி நேரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கணும்.

ரோடே இல்லாத ரேஸ்

ரோடே வேண்டாம் என்று உலகத்தில் ஒரு சைக்கிள் போட்டி இருக்கிறது. பெயர் சைக்ளோகிராஸ். ஐரோப்பாவில் குளிர்காலத்தில், பூங்காவிலும் புல்வெளியிலும் நடக்கிறது. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு சுற்று. அதையே திரும்பத் திரும்பச் சுற்றணும். நடுவில் சேறு, மணல், மேடு, படிக்கட்டு. குறுக்கே பலகையும் வைப்பார்கள். 40 சென்டிமீட்டர் உயரம், முழங்கால் அளவுகூட இல்லை. ஓட்ட முடியாத இடத்தில் சடக்கென்று குதித்து, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடணும். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறணும். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் ஆள் அடையாளம் தெரியாது. பல்லு மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்!

பிரான்சில் 1902-லேயே இதற்குத் தேசியப் போட்டி வைத்துவிட்டார்கள். ரோடு ரேஸ் ஓட்டுகிறவர்கள் பனிக்காலத்தில் உடம்பு கெடாமல் இருக்க இதில் இறங்கினார்கள். 1910-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ஆக்டேவ் லாபிஸ், தன் வெற்றிக்கு இந்தச் சேற்று ஓட்டம்தான் காரணம் என்றார். பிறகு ஊருக்கு ஊர் பிடித்துக்கொண்டது. உலகப் போட்டி 1950-ல் பாரிசில் தொடங்கியது. பெண்களுக்கு உலகப் போட்டி வைக்க மட்டும் 2000 வரை ஆனது. ஐம்பது வருஷம்! இங்கே அந்தக் கஞ்சத்தனம் இல்லை. அண்ணா போட்டியில் மூன்று பிரிவிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனி ரேஸ் இருக்கிறது.

மழை, வெள்ளம் வந்தால்? அதற்கும் கதை உண்டு. 2013-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பூங்காவில் உலகப் போட்டி. ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த முதல் உலகப் போட்டி அதுதான். ஒஹையோ ஆற்று வெள்ளம் பூங்காவை நோக்கி ஏறி வருகிறது என்று தெரிந்ததும், இரண்டு நாள் போட்டியைச் சுருட்டி பிப்ரவரி 2-ம் தேதி ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சைக்கிளைத் தோளில் தூக்குவது என்ன பெரிய வித்தை? ஐப்பசி கார்த்திகையில் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். தரைப்பாலத்தின் மேல் தண்ணி ஓடும். பள்ளிக்கூடப் பையன் பையைத் தலையில் வைத்து, சைக்கிளைத் தோளில் போட்டு, காலால் தடவித் தடவி அக்கரை போவான். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெல்ஜியத்துக்காரன் காசு செலவழித்துப் பழகுகிற வித்தை, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தலையெழுத்தாகவே பழகிப்போச்சு.

கையில் சைக்கிளும் இருக்கிறது. 2001-ல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று தொடங்கி, 2005-ல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகள் எல்லோருக்கும் என்று விரிந்த திட்டம். அதுக்கும் சின்னப் பிள்ளைகள் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டாவது பழகிவிடுகிறார்கள். டயரும் குறைச்சலில்லை. சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் 33 மில்லிமீட்டருக்கு மேல் டயர் அகலம் கூடாது. நம்மூர் 28 இஞ்சி சைக்கிளின் ஒண்ணரை இஞ்சி டயர் அதைவிட அகலம்!

ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பார்கள். ஏன் வர மாட்டார்கள்? ஒரு காலத்தில் கிராமத்து மைதானத்தில் கம்பம் நட்டு, ஒருத்தர் ஐந்து நாள், ஏழு நாள் என்று இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். குளியல், சாப்பாடு எல்லாம் சைக்கிள் மேலேயே. ராத்திரியானால் ரிக்கார்டு டான்ஸ், டியூப் லைட் உடைப்பு. அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த வரிசையில் நின்றது யார்? இதே ஜனங்கள்தானே! பொங்கலுக்கு மெதுவாக ஓட்டுகிற சைக்கிள் போட்டி வைத்தால் இன்றைக்கும் தெருவே கூடுகிறது.

அப்பா கேட்பார்

இதில் நிஜமான சிக்கல் வேறே. ஒரு பையன் விழுந்து ரிம் வளைந்துபோனால்? மறுநாள் அந்தச் சைக்கிளில்தான் அவன் பள்ளிக்கூடம் போகணும். "எவன் கொடுப்பான் காசு?" என்று அப்பா கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓட்டுகிறவனுக்கு இரண்டாவது சைக்கிள் ஓரத்தில் தயாராக நிற்கும். ஒன்றில் சேறு அப்பினால் அடுத்ததில் ஏறுவான், பழையதை ஆள் கழுவி வைப்பார். இங்கே வீட்டுக்கே ஒரு சைக்கிள்.

அண்ணா போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நாலாவதிலிருந்து பத்தாவது வரை தலைக்கு 250. இந்த 250-க்கு ஒரு நல்ல டயர் வருமா? சேற்றுப் போட்டி வைக்கிறவர்கள் பரிசுப் பணத்தை ஏற்றுவதற்கு முன்னால் ரிப்பேர் பணத்தை ஒதுக்கணும். ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் நாலு பேரை மைதானத்து ஓரத்தில் உட்கார வைத்து, ரிம் கோணல் எடுப்பது, போக்ஸ் கட்டுவது, பஞ்சர் எல்லாம் போட்டிக்காரர்கள் செலவில் செய்து அனுப்பணும். மோட்டார் பைக் வந்தபின் ஈயாடுகிற அந்தக் கடைகளுக்கும் ஒரு நாள் வேலை கிடைக்கும்.

இன்னொன்று, மண். களிமண் தரையில் வைத்தால் காரியம் கெட்டது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும், அப்புறம் குச்சி விட்டுக் குத்திக்கொண்டு இருக்கணும். புல் தரையும் செம்மண்ணும் கலந்த இடமாகப் பார்க்கணும். ஏரிக்கரை அழகாக இருக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தை மாதம் ஏரியில் தண்ணி நிற்கும், பிள்ளைகள் சமாச்சாரம்.

இடத்துக்கா பஞ்சம்? விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் பெருந்திட்ட வளாகத்திலேயே மாவட்ட விளையாட்டு மைதானம் இருக்கிறது. அண்ணா பெயரிலேயே அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசுக் கலைக் கல்லூரி. ஒரு கிலோமீட்டர் சுற்று போதும், அரை மணி நேரம் போதும், பலகைக்குப் பதில் வைக்கோல் கட்டு போதும். பெண் பிள்ளைகள் சைக்கிளில் நடுக் கம்பி கிடையாது, தோளில் மாட்ட வராது, கையால்தான் தூக்கணும். அவர்களுக்குத் தடையைக் குறைத்து வைக்கலாம்.

அண்ணா போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. செப்டம்பரில் அது பாட்டுக்கு நடக்கட்டும், சின்னப் பிள்ளைகளை மட்டுமாவது ரோட்டிலிருந்து மைதானத்துக்கு மாற்றட்டும். சேற்றுப் போட்டியைப் பொங்கல் லீவில் வைத்தால் மழையும் விட்டிருக்கும், தரையில் ஈரமும் மிச்சமிருக்கும். டிராபிக்கை நிறுத்த வேண்டியதில்லை. முதலில் வருகிறவனையும் கடைசியில் வருகிறவனையும் எல்லாச் சுற்றிலும் அம்மா கண்ணால் பார்ப்பாள். சுண்டல், டீ வியாபாரமும் நடக்கும். ஒரு டேங்கர் தண்ணி மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். சேற்றோடு சைக்கிளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனால், பார்த்துக் கை தட்டிய அதே அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவாள்!